மருத்துவமனைத் தரம்: மேம்பாட்டு முறைகள் ஓர் ஒப்பாய்வு

நம் நாட்டில் 2005-06ஆம் ஆண்டில் நூற்றுக்கு 38.7 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21ஆம் ஆண்டுகளில் இது 88.6ஆக உயர்ந்துவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வுகள் தரும் இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஜனனி சுரக்ஷா திட்டமும், ஊர்தி வசதியும், ஆஷா பணியாளர்களின் உழைப்பும் சேர்ந்து தாயை மருத்துவமனை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டன எனலாம். மகப்பேற்றின்போது தாய்மார் இறக்கும் விகிதமும் குறைந்து, 2018-20இல் இலட்சம் பிறப்புகளுக்கு 97 என்ற அளவை எட்டியது.

வாசலைக் கடந்து உள்ளே சென்ற பின் அத்தாய்க்குக் கிடைப்பது என்ன என்பதே இனி எழும் கேள்வி. 2018இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2016ஆம் ஆண்டுக்குரிய விவரங்களைக் கொண்டு ஒரு மதிப்பீட்டைத் தந்தது. தக்க சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகளில், சிகிச்சையை நாடாமையால் இந்தியாவில் நேர்ந்தவை ஏறத்தாழ 8.4 இலட்சம். நாடிய பின்னரும் சிகிச்சையின் தரக்குறைவால் நேர்ந்தவை ஏறத்தாழ 16 இலட்சம். இத்தகைய மதிப்பீடுகள் பல அனுமானங்களின்மீது எழுப்பப்படுபவை. ஆயினும் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு என்னும்போது, அதைப் புள்ளிவிவரப் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது. புதிய கட்டடத்துக்குச் செலவிடும் ரூபாயையும், இருக்கும் கட்டடத்தினுள் நடக்கும் பணியைச் சீர்செய்யச் செலவிடும் ரூபாயையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டத்துக்கு நாம் வந்துவிட்டோம்.

அவ்வாறு சீர்செய்வதற்குப் பல முறைகள் இன்று முன்வைக்கப்படுகின்றன. தரச்சான்று, சிறு மாற்றச் சுழற்சி, லீன், சிக்ஸ் சிக்மா, சரிபார்ப்புப் பட்டியல் என்று அவற்றின் பெயர்கள் நீளுகின்றன. பயிற்சி முகாம்களில் இவை ஒன்றுக்கொன்று போட்டியான மதங்கள்போல் போதிக்கப்படுவதைக் காண்கிறோம். உண்மையில் இவை வெவ்வேறு வகைக் குறைகளுக்கென அமைந்த வெவ்வேறு கருவிகள். குறை எத்தகையது என்று அறியாமல் கருவியைத் தேர்வதால் விளையும் நட்டத்துக்கு நம் நாட்டிலேயே தக்க சான்று உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

கட்டமைப்பு, செயல்முறை, விளைவு

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவேடிஸ் டொனபீடியன் 1966இல் எழுதிய கட்டுரையொன்றில், மருத்துவத் தரத்தை மூன்று கோணங்களில் அளக்கலாம் என்று கூறினார். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்பன அவை. தர மேம்பாட்டைப் பற்றிய பிற்காலச் சிந்தனை பெரும்பாலும் இப்பாகுபாட்டின்மீதே நிற்கிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். குழந்தை பிறந்தபின் ஏற்படும் மிகுதியான இரத்தப்போக்கு, தாய்மாரின் உயிரைக் கொள்ளும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. இதைத் தடுக்க, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுதல் வேண்டும். அம்மருந்து வெப்பத்தில் வீரியம் இழப்பதால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்கப்படுதல் முறை. குளிர்பதனப் பெட்டியும், மின்சாரமும், மருந்து இருப்பும், பயிற்சி பெற்ற செவிலியரும் கட்டமைப்பில் அடங்குவர். ஊசி உரிய நேரத்தில் போடப்பட்டதா என்பது செயல்முறை. தாய் நலமுடன் வீடு திரும்பினாளா என்பதே விளைவு.

பெட்டி இருந்தும் ஊசி போடப்படாமல் போகலாம். ஊசி போடப்பட்டும் மருந்து வீரியம் இழந்ததாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும், இரத்தம் ஏற்ற வசதியின்மையால் தாயை இழக்க நேரலாம். இந்த இடைவெளிகளுள் எதை அடைக்கிறது என்று கேட்டே ஒவ்வொரு முறையையும் மதிப்பிட வேண்டும்.

தர அளவுகோலும் சான்றிதழும்

வெளியிலிருந்து ஒரு குழு வந்து, முன்பே வகுத்த அளவுகோலைக் கொண்டு மருத்துவமனையை மதிப்பிட்டுச் சான்று வழங்குதல் இவற்றுள் நமக்கு மிகவும் பழக்கமானது. இந்தியத் தரக் குழுமத்தின் அங்கமாக 2005இல் அமைந்த மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம், பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளால் நாடப்படுகிறது. அரசு மருத்துவ நிலையங்களுக்கென மத்திய சுகாதார அமைச்சகம் 2007இல் பொதுச் சுகாதாரத் தர நெறிகளையும், 2013இல் தேசியத் தர உறுதித் தரநிலைகளையும் வெளியிட்டது. தூய்மைக்கெனத் தனியே 'காயகல்ப்' விருது 2015இல் தொடங்கப்பட்டது.

தேசியத் தர உறுதித் தரநிலைகளின் அமைப்பு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. சேவைகள், நோயாளியின் உரிமைகள், உள்ளீடுகள், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், விளைவு என எட்டுத் தலைப்புகளில் அது விரிகிறது. ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் இடப்படும். நேரில் காணுதல், ஊழியரை வினவுதல், பதிவேட்டைப் பார்த்தல், நோயாளியைக் கேட்டல் ஆகிய நான்கு வழிகளில் மதிப்பீடு நடைபெறும். 70 சதவீதம் பெறும் நிலையம் சான்றுக்குத் தகுதி பெறும்.

கட்டமைப்புக் குறைகளை வெளிக்கொணர இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஒரு மாவட்ட மருத்துவமனையில் குளிர்பதனப் பெட்டி இல்லை என்பதைத் தலைநகரில் இருக்கும் நிதித்துறை அலுவலர் அறிய வேண்டுமானால், அது ஒரு படிவத்தில் பூஜ்யமாகப் பதிவாகியிருத்தல் வேண்டும். பதிவான குறைக்கே வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைக்கும். மாவட்ட அளவில் பணியாற்றும் அலுவலர்கள் இதன் பயனை நன்கு அறிவர்.

ஆனால் மதிப்பெண்களைக் கூட்டும் எந்த முறையும், ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யும் என்ற கருத்தை மறைவாக ஏற்றுக்கொள்கிறது. பொருளாதாரத்தில் இதை மாற்றீடு என்போம். அரிசிக்குக் கோதுமை மாற்றாகலாம். ஆக்சிடோசினுக்குத் தோட்டத்தின் பசுமை மாற்றாகாது. இதை உணர்ந்தே, மொத்த மதிப்பெண்ணோடு நில்லாமல் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே குறைந்தபட்சம் வகுத்துள்ளனர். அது பாராட்டத்தக்க ஏற்பாடு. இருப்பினும், மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய வாரத்தில் சுவர்கள் வெள்ளையடிக்கப்படுவதும், பதிவேடுகளின் வெற்றுப் பத்திகள் ஒரே மையில் நிரப்பப்படுவதும் அரசுப் பணியில் உள்ளவர்களுக்குப் புதிய காட்சிகள் அல்ல. சான்றிதழ் ஒரு நாளின் நிலையைக் காட்டும். நள்ளிரவுப் பிரசவத்தைப் பற்றி அது கூறுவது சொற்பமே.

சிறு மாற்றச் சுழற்சி

இரண்டாவது முறையின் வேர் தொழிற்சாலையில் உள்ளது. அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய வால்டர் ஷீவார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். அவர் வழிவந்த டெமிங் 1950இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கு அக்கலையைக் கற்பித்தார். ஜப்பானின் பெயர் இவ்வரலாற்றில் அடிக்கடி கூறப்படுகிறது. நம் பங்கு மறக்கப்படுகிறது. பேராசிரியர் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் முயற்சியால் ஷீவார்ட் 1947-48இலேயே இந்தியாவுக்கு வந்து விரிவுரைகள் ஆற்றினார். அவ்வித்தை நம் ஆலைகளுக்குள் புகுந்த அளவுக்கு மருத்துவமனைகளுக்குள் அன்று புகவில்லை என்பது வருந்தத்தக்கது.

திட்டமிடுதல், செய்து பார்த்தல், ஆராய்தல், செயற்படுத்துதல் என்ற நான்கு படிகளை மீண்டும் மீண்டும் சுற்றிவருவதே இம்முறை. மேலே கூறிய ஆக்சிடோசினையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிரசவ அறையில் வாரந்தோறும் 20 பிரசவங்கள் நிகழ்வதாகவும், அவற்றுள் 12இல் மட்டுமே ஒரு நிமிடத்துக்குள் ஊசி போடப்படுவதாகவும் கற்பனை செய்வோம். மருந்து இருப்பில் உள்ளது. செவிலியர்களுக்கு விதியும் தெரியும். அப்படியானால் எட்டுப் பேருக்குத் தாமதம் ஏன்? அதிகாரி சுற்றறிக்கை அனுப்புவார். சுழற்சி முறையோ செவிலியர்களையே கூட்டி வைத்துக் கேட்கும். குளிர்பதனப் பெட்டி கூடத்தின் மறுகோடியில் இருப்பதும், குழந்தையைக் கையில் ஏந்திய ஒரே செவிலியர் ஊசிக்காக அங்கு ஓட வேண்டியிருப்பதும் அப்போதுதான் வெளிப்படும்.

தலை வெளிப்படும் தறுவாயில் ஊசியை நிரப்பித் தட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை கூறுகிறார். அதை உடனே எல்லா வேளைகளுக்கும் ஆணையாக்குவதில்லை. ஒரு பகல் வேளையில், ஒரு செவிலியர், நான்கைந்து பிரசவங்களில் செய்து பார்க்கிறார். இரவு வேளையில் துணைக்கு ஆள் இல்லாததால் அது பலிக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த சுழற்சியில் அதற்கொரு வழி காண்கின்றனர். வாரந்தோறும் எத்தனை பேருக்கு உரிய நேரத்தில் ஊசி போடப்பட்டது என்பதைச் சுவரில் ஒட்டிய தாளில் புள்ளியாகக் குறிக்கின்றனர். தொடர்ந்து ஆறு புள்ளிகள் பழைய இடைநிலைக் கோட்டுக்கு மேலேயே விழுந்தால் மாற்றம் தற்செயலானதன்று என்று கொள்ளலாம். ஒரு வாரம் உயர்ந்ததற்காகப் பாராட்டுவதும், மறுவாரம் தாழ்ந்ததற்காக விளக்கம் கேட்பதும் புள்ளியியல் அறியாமையே. இத்தவறு நம் மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் மலிந்து கிடக்கிறது.

புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலமும் ஈடுபட்டு, இம்முறையைச் செவிலியரும் எளிதில் பின்பற்றக்கூடிய நான்கு படிகளாக வகுத்துப் பரப்பியுள்ளன. செலவு மிகக் குறைவு. ஆனால் இல்லாத மருந்தை இது வரவழைக்காது. இல்லாத மயக்க மருந்து நிபுணரை நியமிக்காது. கட்டமைப்பு ஓரளவு இருந்து, பணியின் ஒழுங்கு குலைந்திருக்கும் இடத்துக்கே இது ஏற்றது.

லீனும் சிக்ஸ் சிக்மாவும்

இவ்விரண்டைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினால் போதும். டொயோட்டா மோட்டார் நிறுவனத்தின் உற்பத்தி முறையிலிருந்து பிறந்த லீன், பயனற்ற காத்திருப்பையும் நடையையும் களைவது. மோட்டரோலா நிறுவனம் 1986இல் தொடங்கிய சிக்ஸ் சிக்மா, பத்து இலட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 பிழை என்ற இலக்கை நோக்கி மாறுபாட்டைக் குறைப்பது. மாதம் 20 பிரசவம் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிக்ஸ் சிக்மா பேசுவது, தராசு இல்லாத கடையில் மில்லிகிராம் பேசுவதற்கு ஒப்பாகும். ஆய்வுக்கூடம், மருந்துக் கிடங்கு போன்று ஒரே பணி ஆயிரக்கணக்கில் நிகழும் இடங்களிலேயே அதற்கு வேலை உண்டு.

ஒரே பணி பெருமளவில் நிகழும்போது எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிந்த சான்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனத்தில், அறுவை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடிக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரமே கிடைத்தற்கரிய வளம் என்று கண்டு, ஏனைய பணிகள் யாவும் அதைச் சுற்றி அமைக்கப்பட்டன. வேகத்தோடு விளைவையும் அவர்கள் எண்ணி வந்தனர் என்பதே இதில் சிறப்பு. 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தொடர்ச்சியான 20 இலட்சம் கண்புரை அறுவைகளை உள்ளடக்கியது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்து செலுத்தியபோது, கண்ணின் உட்புறத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்ததை அது காட்டியது. பத்தாயிரத்துக்கு ஏழு, பத்தாயிரத்துக்கு இரண்டு என்ற வேறுபாட்டைக் காண வேண்டுமானால் ஒவ்வொரு கண்ணும் கணக்கில் வந்திருத்தல் வேண்டும்.

பட்டியல் கற்பித்த பாடம்

விமானிகள் புறப்படுமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியலை மருத்துவத்துக்கும் கொண்டுவரலாம் என்ற எண்ணம் 2009இல் பெருநம்பிக்கை ஊட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. மலிவான ஒரு தாள் இத்தனை உயிர்களைக் காக்குமாயின் எந்த அரசுதான் அதை விரும்பாது? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. 101 மருத்துவமனைகளின் விவரங்களை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு அறிக்கை, இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 சதவீதமானது என்றும், அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று என்றும் கூறியது. தாமே முன்வந்து செய்த இடத்திலும் ஆணைக்காகச் செய்த இடத்திலும் தாள் ஒன்றுதான். பயன் ஒன்றாக இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் நடந்த சோதனை இதனினும் ஆழமான பாடத்தைத் தருகிறது. அம்மாநிலத்தின் 24 மாவட்டங்களில் 120 சுகாதார நிலையங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் 60இல், 28 அம்சங்கள் கொண்ட பாதுகாப்பான மகப்பேற்றுப் பட்டியல் அறிமுகமாயிற்று. தாளைக் கொடுத்ததோடு நில்லாமல், பயிற்சியாளர் எட்டு மாத காலம் நேரில் சென்று செவிலியர்களுக்கு ஊக்கமும் வழிகாட்டலும் அளித்தனர். மற்ற 60 நிலையங்களில் வழக்கமான பணியே தொடர்ந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆய்வுக்கு உட்பட்டன.

2017இல் வெளிவந்த முடிவுகள் கவனத்துக்குரியவை. பயிற்சி தொடங்கிய இரண்டாம் மாதத்தில், கண்காணிக்கப்பட்ட 18 நற்செயல்களில் 72.8 சதவீதம் பட்டியல் வழங்கிய நிலையங்களில் கடைப்பிடிக்கப்பட்டன; மற்றவற்றில் 41.7 சதவீதமே. பயிற்சியாளர் விடைபெற்று நான்கு மாதங்கள் ஆன பின்னர் இது முறையே 61.7, 43.9 என்று நின்றது. செயல்முறை மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரசவத்தை ஒட்டிய சிசு இறப்பு, தாய் இறப்பு, தாய்க்கு ஏற்படும் கடும் சிக்கல் ஆகியவற்றை ஏழு நாள்வரை சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு பிரிவில் 15.1 சதவீதம், மற்றதில் 15.3 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இம்முடிவைக் கண்டு பட்டியலைப் பயனற்றதென ஒதுக்குவோரும் உளர். ஆய்வின் கால அளவு போதாது என்போரும் உளர். இக்கட்டுரையாசிரியரின் கருத்து இவ்விரண்டிலும் சேராது. பட்டியல் மறதிக்கு மருந்து. தெரிந்ததை, முடிந்ததை, மறந்து விடுபடும் குறைக்கு அது ஏற்றது. மூச்சுத் திணறும் சிசுவை உயிர்ப்பிக்கும் திறன் கைவரப் பெறாத இடத்தில் 'உயிர்ப்பிக்கும் கருவி ஆயத்தமா' என்று கேட்கும் தாள் என்ன செய்யும்? அறுவைப் பிரசவமும் இரத்த வங்கியும் பல மைல் தொலைவில் இருக்கையில், ஆபத்துக் குறியைக் காலத்தில் கண்டுகொள்வதால் மட்டும் உயிர் மீளுமா? செயல்முறையில் இருந்த குறை தீர்ந்தது. கட்டமைப்பிலும் திறனிலும் இருந்த குறை அப்படியே நின்றது. உயிர்களைக் கொண்டுபோனது பின்னதே என்று கருத இடமுண்டு.

முறைகளை இணைத்தல்

2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம், பிரசவ அறைக்கும் மகப்பேற்று அறுவை அரங்குக்கும் உரியது. தரநிலைகளைக் கொண்டு மதிப்பிடுதலையும், இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நடத்தப்படும் விரைவு மேம்பாட்டுச் சுழற்சிகளையும் அது ஒன்றாகப் பிணைக்கிறது. முதலில் இடைவெளியைக் கண்டு கருவிகளையும் ஆட்களையும் நிரப்புதல், பின்னர்ப் பணியின் ஒழுங்கைச் சுழற்சியால் சீர்ப்படுத்துதல் என்ற இவ்வமைப்பு, மேற்கூறிய காரணங்களால் சரியான திசையில் செல்வதே.

ஊக்கத்தொகை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. உரிய தரத்தை எட்டும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 6 இலட்சம் ரூபாய், மாவட்ட மருத்துவமனைக்கு 3 இலட்சம், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு 2 இலட்சம் என்று இத்திட்டத்தில் வகுக்கப்பட்டது. ஊழியர்களின் உற்சாகத்துக்கு இது உகந்ததே. ஆனால் பரிசு என்பது ஏற்கெனவே முன்னே இருப்பவரைச் சென்றடையும் இயல்புடையது. குறை மிகுந்த மாவட்டங்கள் மதிப்பீட்டுக்கே முன்வராமல் ஒதுங்கிக்கொள்ளும். தனியார் துறையிலும் இதே போக்கு உண்டு. சான்று பெற்ற மருத்துவமனைக்குக் காப்பீட்டில் கூடுதல் கட்டணம் வழங்கும்போது, அச்சான்றுக்குச் செலவிடக்கூடிய பெரிய நிறுவனமே பயனடைகிறது. ஆகவே பரிசுத் தொகையையும், இடைவெளியை நிரப்பும் தொகையையும் தனித்தனிக் கணக்கில் வைத்து, பின்னதை மதிப்பெண் குறைந்தவர்களுக்கே ஒதுக்குதல் நியாயம்.

இன்னொரு பிரிவினையும் வேண்டும். கற்றுக்கொள்வதற்காகச் செவிலியர் தாமே குறிக்கும் எண்களையும், மேலதிகாரி தண்டிக்கவோ பரிசளிக்கவோ பயன்படுத்தும் எண்களையும் கலக்கலாகாது. சுவரில் ஒட்டிய தாள் நோட்டீசு அனுப்புவதற்குரிய ஆதாரமானால், அடுத்த வாரம் முதல் 20க்கு 20 என்றே அதில் காணப்படும்.

விளைவைப் பற்றிய விவரம் இன்றும் பலவீனமாகவே உள்ளது. ஆரம்ப நிலையத்திலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட தாய் இறந்தால், அது மாவட்ட மருத்துவமனையின் கணக்கில் ஏறும். அனுப்பிய நிலையத்தின் ஏடு தூய்மையாகவே இருக்கும். ஐந்தாம் நாள் வீட்டில் இறக்கும் சிசு பிரசவ அறையின் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது. உத்தரப் பிரதேச ஆய்வினர் இதற்காகவே ஏழாம் நாள்வரை தாய்மாரைத் தொடர்ந்து விசாரித்தனர். நமக்கு அதற்கெனப் புதிய அமைப்பு தேவையில்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் வீடு சென்று பார்க்கும் ஏற்பாடு நாடெங்கும் உள்ளது. அவர் ஏழாம் நாளில் குறித்துவரும் விவரம், பிரசவம் பார்த்த அறைக்கே மாதம் ஒருமுறை ஒரு பக்கமாகத் திரும்பி வருமாறு செய்யலாம். அதற்கு வேண்டியது வட்டார அளவில் ஓர் எழுத்தரின் அரைநாள் வேலையும், மாவட்டச் சுகாதார அலுவலரின் ஓர் ஆணையுமே.